பதினான்கு சுற்று மூடினேன்

என் கையெழுத்தை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் இந்த வயதிலும் சந்தேகம் தீரவில்லை. வரி நேராகத் தொடங்கிப் பாதியில் கீழே சரிந்துவிடுகிறது. பிழைகளைத் திருத்தித் தருகிறேன் என்று மகள் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திருத்த வேண்டுமென்றால் அவள் இதைப் படிக்க வேண்டும். படித்தால் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையை ஏற்கெனவே ஒருவரிடம் வாங்கிவிட்டேன். ஒன்றே போதும்.

நான் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன். வால்வுமேன் என்பார்கள். தெருவில் பதித்திருக்கும் இரும்பு மூடியைத் தூக்கிவிட்டு, நான்கடி நீளச் சாவியைக் குழிக்குள் இறக்கி, அதன் தலையில் இருக்கும் குறுக்குக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்ற வேண்டும். எங்கள் வட்டாரத்தில் உள்ள பெரும்பாலான வால்வுகளுக்குப் பதினான்கு சுற்று. எண்ணிக்கொண்டே சுற்றுவேன். இருபது வருடமாக இதுதான் வேலை.

எனக்குப் பேச வராது. தனியாக ஒருவரிடம் என்றால் சமாளித்துவிடுவேன். நான்கு பேர் திரும்பிப் பார்த்தால் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில்தான் உட்காருவேன். முன்னால் போய் இலை பிடிக்கக் கூச்சம். இதைக் கேட்பவர்கள் பாவம், சாது மனிதர் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் என்னைப் பற்றி வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்துக்குக் குடிக்க வருவது பாலாற்றுத் தண்ணீர். செங்கல்பட்டுக்கு அப்பால் ஆற்று மணலில் கிணறு வெட்டி எடுத்து, ஊரப்பாக்கம், தாம்பரம் என்று ஜி.எஸ்.டி. ரோட்டோரமாகவே குழாயில் கொண்டு வருகிறார்கள். பக்கத்திலேயே அடையாறு ஓடுகிறது. அதில் கால் வைக்க முடியாது. நுரையும் பிளாஸ்டிக் பைகளும் மிதக்கும். சில நாள் செத்த பன்றி ஒன்று வயிறு உப்பிப் போய்க் கரையில் ஒதுங்கியிருக்கும், எடுக்க ஆள் வராது. அனகாபுத்தூரில் அந்த ஆற்றங்கரையை ஒட்டி ஒரு சந்து இருக்கிறது. மழைக்காலத்தில் ஆறு அந்தச் சந்து வீடுகளுக்குள் வந்து போகும். கோடையில் அதன் நாற்றம் மட்டும் வரும்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரே ஒரு பெரிய குழாய்தான் இறங்குகிறது. அதன் தலையில் இருப்பது முதல் வால்வு. குழாய் சிறிது தூரம் போனதும் காலனிக்கு ஒரு கிளை பிரிகிறது. உத்தியோகஸ்தர்கள், வாத்தியார்கள், ஓய்வு பெற்றவர்கள் குடியிருக்கிற மூன்று தெருக்கள். பெரிய குழாய் நேரே போய்க் கடைசியில் ஆற்றங்கரைச் சந்தில் முடிகிறது. காலனிக் கிளையின் வாயில் இருப்பது இரண்டாம் வால்வு. அதை மூடினால் தண்ணீர் முழுவதும் சந்துக்குப் போகும். மூடாவிட்டால் காலனி வீடுகளின் தரைத்தொட்டிகள் எல்லாம் நிறைந்த பிறகுதான் சந்தில் சொட்டும். தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

முன்பெல்லாம் தண்ணீர் போதுமான அளவு வந்தது. காலனி நிறைந்து, பிறகு சந்தும் நிறையும். இரண்டாம் வால்வை நான் தொட வேண்டிய தேவையே இருக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கி எண்ணெய் விடுவேன், அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் காலனிக்குள்ளும் வந்தது. அதற்கப்புறம் அங்கே எல்லோரும் வீட்டு வாசலை உயர்த்திக் கட்டினார்கள். இரண்டாம் வால்வு, காலனி நலச்சங்கத்துச் செயலாளர் வீட்டு வாசலில் இருந்தது. வாசலை உயர்த்தியதும் காரை உள்ளே ஏற்ற அவருக்குச் சிமெண்டுச் சரிவு தேவைப்பட்டது. ஜல்லி கொட்டியிருந்த காலையில் நான் அந்தப் பக்கம் போனேன். என்னைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, இந்த மூடி இப்ப யூஸ்ல இருக்கா? நீ இதைத் திறந்து நான் பார்த்ததே இல்லையே."

மேஸ்திரியும் சித்தாள்களும் என்னைப் பார்த்தார்கள். இருக்கிறது சார் என்று சொல்ல வேண்டும். மூடி தெரிகிற மாதிரி ஒரு சதுரம் விட்டுவிட்டுப் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்குள் உள்ளேயிருந்து காபி வந்துவிட்டது. மேஸ்திரிக்கும் எனக்கும் காகிதக் கப்பில். நான் கப்பைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஆட்டல். அவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டார். நான் காபியைக் குடித்தேன். மேலே ஆடை படிந்து ஆறிப்போன காபி. ஆடை உதட்டில் ஒட்டியது. அதையும் விழுங்கினேன்.

மறுநாள் பார்த்தபோது சரிவு போட்டு முடித்து மேலே ஈரச் சாக்கு விரித்திருந்தார்கள்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. தார் போட்டோ மண் மூடியோ ஒரு வால்வு மறைந்துபோகும் என்று தெரிந்தால், பக்கத்துச் சுவரில் மஞ்சள் பெயிண்டால் ஓர் அம்பு போட்டு, வால்வின் எண்ணையும் அங்கிருந்து எத்தனை அடி என்பதையும் எழுதிவைப்போம். நாளைக்கு வேறு ஆள் வந்தாலும் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. வாயால் சொல்லாததைச் சுவரில் எழுதிவைத்தேன். எதிர்ச் சுவரில், 'வா 2', 22 அடி, சரிவைப் பார்த்து ஓர் அம்பு. என் கடமை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் சங்கத்தார் சுவர்களுக்கெல்லாம் வெள்ளை அடித்துப் படம் வரைந்தார்கள். என் அம்பு இருந்த இடத்தில் நீல நிறத்தில் பெரிய நீர்த்துளி. அதற்குக் கண், மூக்கு, சிரிப்பு. கீழே 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று என்னுடையதைவிட நல்ல எழுத்தில் எழுதியிருந்தது.

இரண்டு வருடம் மழை சரியாகப் பெய்யவில்லை. பாலாற்றுக் கிணறுகளில் தண்ணீர் இறங்கிவிட்டது. தொட்டிக்கு வரும் தண்ணீர் பாதியாகக் குறைந்தது. சந்தில் சொட்டுவதும் நின்றது. எங்கள் ஆபீசுக்குப் புதிதாக வந்திருந்த இன்ஜினியர் மேடம் எல்லோரையும் கூட்டி முறை வைக்க ஏற்பாடு செய்தார்.

அந்த அம்மா நல்லவர். சின்ன வயது. வெயிலில் ஸ்கூட்டரில் தெருத் தெருவாகப் போய்க் குழாய்களைப் பார்த்தவர். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். சுவரில் வரைபடத்தைக் காட்டி விளக்கினார். இத்தனை நாள் காலனிக்கு, இத்தனை நாள் சந்துக்கு. சந்தின் நாளில் இரண்டாம் வால்வு முழுக்க மூடியிருக்கும். பழைய வரைபடம் அது. அதில் இரண்டாம் வால்வு சிவப்பு வட்டமாக, நடுத்தெருவில் ஒளிவு மறைவு இல்லாமல் இருந்தது.

காலனிக்காரர்கள் நாற்காலியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பாட்டில் தண்ணீர். சந்துக்காரர்கள் பின்னால் நின்றார்கள். அவர்களுக்காகப் பேச வந்தது மாவு அரைத்து விற்கிற அக்கா. இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டுக் குரோம்பேட்டைக் கடைகளுக்குக் கொடுப்பவர். புருஷன் இல்லை, ஒரு கிரைண்டர் உண்டு. மாவுக்குப் பாலாற்றுத் தண்ணீர்தான் வேண்டும். சந்தின் போர்த் தண்ணீர் மஞ்சளாக, துரு நாற்றத்தோடு வரும். அதில் அரைத்தால் மாவு பழுப்பாகிவிடும்.

"முறை வெச்சா சரிதான் மேடம்" என்றார் அக்கா. "கம்மியா வந்தாலும் பரவால்ல. எந்த நாளு வரும்னு தெரிஞ்சா அந்த நாளு ஊற வெச்சு அரைச்சுக்குவேன். வரும்னு சொல்லிட்டு வராம பேஜார் பண்ணக் கூடாது."

மேடம் பின்பக்கம் எட்டிப் பார்த்து என்னைக் கேட்டார். "அண்ணா, இந்த ரெண்டாவது வால்வு ஃபுல்லா க்ளோஸ் ஆகுது இல்ல?"

கூடமே திரும்பியது. செயலாளரும் திரும்பினார். அவருக்குத் தெரியும். வால்வு எங்கே இருக்கிறது என்று அந்தக் கூடத்தில் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நான் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தேன்.

"நம்ம ஆளுக்கு இருபது வருஷ சர்வீஸ் மேடம்" என்றார் அவர். "அவர் கைக்கு அடங்காத வால்வே கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடம் அந்தச் சிவப்பு வட்டத்தின் பக்கத்தில் சரி என்று ஒரு கோடு போட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வாயில் எச்சில் ஊறுகிறது. துப்பத்தான்.

கூட்டம் முடிந்ததும் மேசைகளில் பாதி குடித்த பாட்டில்கள் கிடந்தன. அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து ஒரு குடத்தில் ஊற்றிக்கொண்டார். காலனி அம்மா ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார். "எச்சி தண்ணிம்மா அது" என்றார்.

"உங்க எச்சிதான, பரவால்ல" என்றார் அக்கா. "ஆத்துல வர்றதும் உங்க எச்சிதான்."

முறை தொடங்கியது. மேடம் ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார். எந்த வால்வை, எத்தனை சுற்று, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சந்தின் முதல் முறை நாளில் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தச் சரிவுக்கு முன்னால் போய் நின்றேன். சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை. மூடிக்கு மேல் ஒரு சாண் கனத்துக்குச் சிமெண்டு. ஒரு வால்வை மூட எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தேன், மனதுக்குள் பதினான்கு எண்ணினேன். பிறகு சுவரோரம் போய் நோட்டில் எழுதினேன்: 'வா 2. பதினான்கு சுற்று மூடினேன்.'

எதிர்ச் சுவரில் நீர்த்துளி சிரித்துக்கொண்டிருந்தது.

அன்று காலனியில் எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடியது. குழாயோடு நேராக மோட்டாரை இணைத்து உறிஞ்சுவார்கள். செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்வார்கள். முறை இல்லாத நாளிலும் தண்ணீர் வந்தால் அது ஏன் வருகிறது என்று கேட்க ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செயலாளர் ஹோஸ் பைப்பால் சரிவைக் கழுவினார். பாசி பிடிக்கிறதாம், கார் வழுக்குகிறதாம். வால்வுக்கு மேல் விழுந்த தண்ணீர் என் செருப்பை நனைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது.

"இன்னைக்கு ஃபோர்ஸ் நல்லா இருக்குப்பா" என்றார். "தேங்க்ஸ்."

சந்தில் குடங்கள் வரிசையாக நின்றன. குழாய் காற்றை ஊதியது.

"இன்னாண்ணா, சாவி துருப்புடிச்சுப் போச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவரு காலனிக்கு மாப்ளடி. நம்ம வூட்டுக்கு இன்னாத்துக்குத் தொறப்பாரு?"

"மாப்ளைக்குக் காபி குடுத்துக்கீறாங்கோ. நாம இன்னா குடுத்தோம், கொசுக்கடிதான் குடுத்தோம்."

சிரித்தார்கள். அவர்கள் விளையாட்டாகச் சொன்ன காபிதான் நிஜம் என்று அவர்களுக்குத் தெரியாது. அக்கா மட்டும் எனக்காகப் பேசினார். "சும்மா கெடங்கடி. பாலாத்துலயே இல்லேன்னா அவரு எங்கேந்து கொண்ணாருவாரு? அவரு கையில இன்னா கீது, சாவிதான கீது." என் வேலை முடிந்ததும் சந்தின் கடைசிக் குழாயடியில் கை கால் கழுவுவது பல வருடப் பழக்கம். ஒரு சொம்பு தண்ணீரை அக்காதான் என் கையில் ஊற்றுவார். அன்றும் கேன் தண்ணீரில் அரைச் சொம்பு ஊற்றினார். நான் அந்தத் தண்ணீரில் கையைக் கழுவினேன். கழுவக் கையில் அழுக்கே இல்லை. வால்வைத் தொட்டிருந்தால்தானே அழுக்கு.

மூன்று வாரம் இப்படிப் போனது. மேடமிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நாள் ஆபீசுக்குப் போய்க் கதவருகே நின்றேன். உள்ளே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். "சொல்லுங்கண்ணா" என்றார். "நோட்டு தீர்ந்துபோச்சு மேடம்" என்றேன். தீர்ந்திருக்கவில்லை. பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. அவர் புது நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளதைச் சொல்லப் போனவன் பொய் எழுத இன்னொரு நோட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் சந்து முனையிலேயே புளித்த நாற்றம் அடித்தது. அடையாற்று நாற்றம் எனக்குப் பழக்கம். இது வேறு. அக்கா வாசலில் பெரிய அண்டாவோடு உட்கார்ந்திருந்தார். முறை நாளை நம்பி அரிசியும் உளுந்தும் ஊற வைத்துவிட்டார். தண்ணீர் வரவில்லை. ஊற வைத்ததை எறிய மனம் வராமல் போர்த் தண்ணீரில் அரைத்திருக்கிறார். இரண்டு முறை அப்படிச் செய்து, இரண்டு முறையும் கடைக்காரர்கள் பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"மோந்து பாருண்ணா" என்று அண்டாவைச் சாய்த்தார். பழுப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டு, மேலே துருப் படலம் போல ஒன்று மிதந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஒனக்கே இப்டிக்கீதுன்னா, வாங்கிச் சாப்புடறவனுக்கு எப்டி இருக்கும்? இன்னும் ஒரு தபா இப்டி ஆச்சுன்னா ஒருத்தன் கூட என் மாவ எடுக்க மாட்டேன்னுட்டான். அப்பறம் கிரைண்டர வித்துட்டு எங்கனா வூட்டு வேலைக்குப் போவ வேண்டியதுதான். காலனிலயே போவலாம். அங்க பாத்திரம் தேய்க்கத் தண்ணி கீது."

அண்டாவைச் சாக்கடையில் கவிழ்த்தார். மாவு நகராமல் அடைத்துக்கொண்டு நின்றது.

அடுத்த வாரத்தில்தான் மேடம் பாலாற்றுக்குப் போக ஒரு வேன் ஏற்பாடு செய்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் கண்ணால் பார்த்தால் சண்டை குறையும் என்பது அவர் எண்ணம். காலனியிலிருந்து நான்கு பேர், சந்திலிருந்து அக்காவும் இன்னொரு பெண்ணும், பின் சீட்டில் நான். செயலாளர் வரவில்லை. அவருக்கு முட்டி வலி.

பாலாறு என்று இறங்கிப் பார்த்தால் மணலும் சீமைக் கருவேலமும்தான். தண்ணீர் கண்ணில் படவில்லை. மணலுக்கு நடுவே கிணறுகள் கோபுரம் மாதிரி நின்றன. மோட்டார் சத்தம் கேட்டது. நம் ஊர்க் குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு மூட்டு கசிந்தது. அதற்குக் கீழே, கந்தல் துணியால் சுற்றிய ஒரு குடத்தை வைத்து, அந்த ஊர்ப் பெண் ஒருத்தி குந்தியிருந்தாள். அவள் ஊர்க் குழாயில் நான்கு நாளாகத் தண்ணீர் இல்லையாம். ஆறு அவள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது.

"இந்தத் தண்ணி எந்த ஊருக்கும்மா போவுது?" என்று அக்காவைக் கேட்டாள்.

"எங்க ஊருக்குன்னு சொல்றாங்கோ."

"அப்ப ஒங்களுக்கு நல்லா வருதா?"

"எங்க வருது? எங்க கொழாயில காத்துதான் வருது."

அந்தப் பெண் அக்காவின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தார். "அப்ப இத யாருதான் குடிக்கிறாங்க?" என்று அவள் கேட்டாள்.

"நடுவுல எவனோ குடிக்கிறான். எவன்னுதான் தெரில."

திரும்பும் வழி முழுக்க அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, ரோட்டோரமாகவே கூட வரும் குழாயைப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்காவது ஓட்டை தெரிகிறதா என்று தேடுகிற மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் என் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரிஞ்சிருக்கணுமே, இருவது வருசமா இதுலதான கீற. எங்கண்ணா போவுது?" வேனில் எல்லோரும் இருந்தார்கள். தெரியலக்கா என்றேன்.

என் தலைக்கு மேல் ஏசி இல்லாத வேனின் சூடு. எனக்குப் பக்கத்தில் காலனிக்காரர் ஒருவர் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டுப் பாட்டிலைக் காலால் நசுக்கினார். அவரைப் பார்த்து அருவருப்பாக இருந்தது. பிறகு நினைத்தேன், இவர் ஊற்றியது ஒரு மடக்கு. நான் ஊற்றியது எவ்வளவு?

மறுநாள் காலை பத்து மணிக்கு, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்போதே, மஞ்சள் பெயிண்டும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போனேன். டப்பாவில் பாதி காய்ந்து கட்டியாகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் குழைத்தேன். நீர்த்துளியின் சிரிப்புக்குக் குறுக்கே அம்பு போட்டேன். கோணலாக வந்தது. 'வா 2. 22 அடி.' பழையதைவிடப் பெரிதாக, தெருக்கோடியிலிருந்து படிக்கிற அளவுக்கு எழுதினேன்.

செயலாளர் பேப்பரோடு வெளியே வந்தார். முட்டி சரியாகியிருந்தது.

"என்னப்பா பண்றே? அது அசோசியேஷன் சுவர். யார் உன்னை எழுதச் சொன்னா?"

அடிக்கணக்குக்குக் கீழே இன்னொரு கோடு போட்டேன்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"வால்வு அங்க இருக்கு சார்" என்றேன்.

"யூஸ்ல இல்லைன்னு நீதானே அன்னைக்குத் தலையாட்டினே?"

அவர் சொன்னது உண்மை. அவர் மேல் எனக்குள்ள அருவருப்பு எவ்வளவு நியாயமோ, அந்த உண்மையும் அவ்வளவு நியாயம்.

சந்தில் குடியிருக்கும் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். "இன்னாண்ணா இது, அம்பு நேரா சார் வூட்டுக்குள்ள போவுது? உள்ள இன்னா, பொதையலா?" என்று சிரித்துக்கொண்டே செல்போனில் படம் எடுத்தார். எடுத்துவிட்டு அம்பையும் சரிவையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "யோவ்... அந்த வால்வா?" என்றார்.

மத்தியானத்துக்குள் படம் மேடம் வரைக்கும் போய்விட்டது. அவர் டேப்போடு வந்து சுவரிலிருந்து இருபத்திரண்டு அடி அளந்தார். டேப் சரிவின் நடுவில் போய் நின்றது. நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். எல்லாப் பக்கத்திலும் என் கையெழுத்தில் பதினான்கு சுற்று. இரண்டாவது நோட்டிலும் அதேதான். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏன்ணா?" என்று மட்டும் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் மிஷின் வைத்துச் சரிவை வெட்டினார்கள். செயலாளர் யார் யாருக்கோ போன் செய்தார். சந்துக்காரர்கள் வந்து சுற்றி நின்றதும் போனை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழிக்குள் கறுப்புச் சேறு, கரப்பான், அன்றைக்கு எறிந்த காகிதக் கப்புகள். என்னுடைய கப்பும் அதில் இருந்திருக்கலாம். நானே இறங்கிச் சேற்றைக் கையால் வாரினேன். நாற்றம் மூக்கில் ஏறியது. திருகு துருவேறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, காத்திருந்து, தட்டி, மறுபடி ஊற்றி, ஒரு சுற்று வருவதற்கே வெகு நேரமானது. பிறகு வாய்விட்டு எண்ணினேன். பதினான்கு. உண்மையாகவே பதினான்கு.

காலனியில் மோட்டார்கள் காற்றை இழுத்துக் கத்தின. ஒவ்வொன்றாக நின்றன.

சந்துக்குப் போனபோது கடைசிக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் செம்மண் நிறம். கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டு பிடித்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "மாப்ள வந்துட்டாரு, வழி வுடுங்கடி" என்றாள். அக்கா வாசலில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கிரைண்டர் இருந்த மூலையில் ஒரு வெள்ளை வட்டம் மட்டும் தரையில் தெரிந்தது.

"எப்பக்கா?" என்றேன்.

"முந்தாநேத்து. வேன்லேந்து எறங்கினதும் ஆளு வந்து தூக்கிகினு போய்ட்டான். அந்த ஆத்தப் பாத்தப்பறம் இனிமே வராதுன்னு முடிவு பண்ணிட்டேன்." குரலில் கோபமே இல்லை. "எத்தினி நாளா ஒனக்குத் தெரியும்?"

"மொதல்லேர்ந்தே தெரியும்."

"மீட்டிங்குல?"

"தெரியும்."

"வேன்ல கேட்டேனே, அப்போ?"

தலையாட்டினேன். இந்தத் தடவை ஆமாம் என்று மட்டும்தான் அர்த்தம்.

"அவன் தன் வாசலுக்குப் போட்டுக்கினான். அவன் அப்டித்தான் இருப்பான். நீ இன்னாத்துக்கு?" என்றார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். எனக்குப் பேச வராதக்கா என்றோ, கூச்சமக்கா என்றோ. அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அண்டாவில் மிதந்த அந்த மாவை நான் பார்த்த மாதிரி பார்த்தார்.

முழங்கை வரை சேறு. வழக்கம் போலக் கையை நீட்டிவிட்டேன், யோசிக்காமல். அக்கா நிறைந்த சொம்பை எடுத்தார். எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அடுத்த குடத்தைக் குழாயில் பொருத்தினார். வரிசை என்னைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. நான் அப்படியே சைக்கிளில் ஏறி வீட்டுக்கு வந்தேன். கைப்பிடியில் ஒட்டிய சேறு காய்ந்து இரண்டு நாள் நாறியது.

ஆபீசில் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். அங்கிருந்த கிளார்க் ஒருவரே இரண்டு வரி எழுதி நீட்டினார். தவறுக்கு வருந்துகிறேன், இனி நடக்காது. கீழே கையெழுத்துப் போட்டேன். வேலை போகவில்லை. இப்போது முறை சரியாக நடக்கிறது. சந்தின் நாளில் சந்துக்கு வருகிறது. பாலாற்றங்கரைப் பெண்ணுக்கு வருகிறதா என்று தெரியவில்லை, அதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேச்சு வரவில்லை. செயலாளர் சரிவைப் புதிதாகப் போட்டுவிட்டார், மூடிக்குச் சதுரம் விட்டு. என்னைப் பார்த்தால் இப்போதும் என்னப்பா என்கிறார். அக்கா காலனியில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். காலையில் நான் இரண்டாம் வால்வைத் திருப்பும் நேரத்தில் என்னைக் கடந்துதான் வேலைக்குப் போவார். நான் குனிந்து எண்ணிக்கொண்டிருப்பேன். பல நாள் எண்ணிக்கை தவறி, திறந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த இரண்டு வரி விளக்கத்தை நான் எழுதவில்லை. இதை நானே எழுதினேன். அதற்கு இத்தனை நாளாயிற்று.

ஆவணி எட்டு, ஞாயிற்றுக்கிழமை.